சொல்லத் தெரியாத பிள்ளையின் நெருக்கீட்டை அளப்பது எவ்வாறு?

காலைக் கூட்டத்துக்கு மணி அடித்ததும் இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு வகுப்பறை மூலையில் குந்திவிடும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். வயது பதினொன்று. பத்துவரை எண்ணத் தெரியும். தன் பெயரின் முதல் எழுத்தை எழுதுவான். அருகில் சென்று கையைப் பிடித்தால் கடிப்பான். சில நாட்களில் தன் கையையே கடித்துக்கொள்வான். ஆசிரியர் அதனைப் பிடிவாதம் என்கின்றார். மற்றைய பெற்றோர், அவனால் தம் பிள்ளைகளின் படிப்புக் கெடுகின்றது என்கின்றனர். தாயோ, "அவன் பொறந்ததிலிருந்தே அப்படித்தாங்க சேர்" என்று தலைகுனிகின்றாள். சில வாரங்களில் அவன் பாடசாலைக்கு வருவது நின்றுவிடுகின்றது.

இம்மாணவன் கற்பனைப் பாத்திரமே. ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களைச் சார்ந்த பாடசாலைகளில் கற்பித்தவர்களுக்கு அவன் அந்நியனாகத் தோன்றமாட்டான். அவனுடைய நடத்தைக்குப் பிடிவாதம், பிறவிக் குணம் என்னும் இரு விளக்கங்களே பொதுவாகக் கூறப்படுகின்றன. மூன்றாவது விளக்கம் ஒன்றும் உண்டு. அவன் தாங்கவியலாத நெருக்கீட்டுக்கு உள்ளாகியிருக்கின்றான். அதனைச் சொல்லும் மொழி அவனிடம் இல்லை. இவற்றுள் எது உண்மை என்பதை அறியாமல் அவனைத் திருத்தவும் இயலாது, தேற்றவும் இயலாது. அதனை அறிவதற்கு அளத்தல் வேண்டும். சொல்லத் தெரியாத ஒருவரின் மனச்சுமையை அளக்க முடியுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

நெருக்கீடு என்பது யாது?

அன்றாடப் பேச்சில் நாம் 'மன அழுத்தம்' என்னும் சொல்லை இரு வேறு நிலைகளுக்கும் பயன்படுத்தி வருகின்றோம். ஒன்று, புறத்தேயிருந்து வரும் சுமைக்கு உடலும் உள்ளமும் காட்டும் எதிர்வினை. மற்றையது, நீடித்த சோர்வு நோய். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இலங்கையின் உளவளத்துறையினர் முதலாவதை 'நெருக்கீடு' என்று வழங்குகின்றனர்.

ஆபத்தை எதிர்கொள்ளும் உயிர் போரிடவோ தப்பியோடவோ உடலைத் தயார்செய்கின்றது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வோல்டர் கனன் 1915ஆம் ஆண்டில் விளக்கினார். கனடாவின் மொன்றியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலி, வெவ்வேறு வகையான தீங்குகளுக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் உடலில் ஒரே விதமான மாற்றங்கள் தோன்றுவதைக் கண்டு 1936ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அதிரீனற் சுரப்பி வீங்கியிருந்தது; நோய் எதிர்ப்புடன் தொடர்புடைய உறுப்புகள் சுருங்கியிருந்தன; இரைப்பையில் புண் ஏற்பட்டிருந்தது. நெருக்கீடு பற்றிய நவீன ஆய்வுகளுக்கு இவை அடித்தளமாயின.

இன்று நாம் அறிந்திருப்பதைச் சுருக்கமாகக் கூறலாம். மூளை ஓர் அச்சுறுத்தலை உணர்ந்தவுடன் அதிரீனலின் சுரக்கின்றது, இதயத்துடிப்பு விரைவடைகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. அதனைத் தொடர்ந்து மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் கட்டளை சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனற் சுரப்பியை அடைய, கோட்டிசோல் என்னும் ஓமோன் குருதியிற் கலக்கின்றது. சிறிது நேரம் நீடித்து அடங்கும்போது இவ்வேற்பாடு நமக்கு உதவுகின்றது. நாட்கணக்கில், மாதக்கணக்கில் அடங்காதிருக்குமாயின் தூக்கம், பசி, நோயெதிர்ப்பு, நினைவாற்றல் ஆகிய அனைத்தையும் பாதிக்கின்றது. ஏற்கெனவே கற்பதற்குச் சிரமப்படும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமையாகும்.

குறைபாடு வேறு, நெருக்கீடு வேறு

அறிவுத்திறன் குறைபாடு ஒரு மனநோய் அன்று. நுண்மதி ஈவு ஏறத்தாழ 70க்குக் கீழ் இருத்தல், அன்றாட வாழ்வுக்குத் தேவையான திறன்களில் பின்னடைவு, இவ்விரண்டும் வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கியிருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதே இதன் இலக்கணமாகும். 'மனவளர்ச்சி குன்றியோர்' என்னும் பொருள்பட்ட பெயரைக் கொண்டிருந்த அமெரிக்கச் சங்கம் 2007ஆம் ஆண்டில் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பீடு ஒன்று, ஆயிரம் பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு இக்குறைபாடு இருப்பதாகவும் வறிய நாடுகளில் இவ்வீதம் அதிகம் எனவும் கூறுகின்றது. இவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் இலேசான குறைபாடு உடையவர்கள். பேசவும் கற்கவும் தொழில் புரியவும் வல்லவர்கள்.

பிரித்தானியாவில் எரிக் எமர்சன், கிறிஸ் ஹட்டன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிவுத்திறன் குறைபாடுடைய பிள்ளைகளில் 36 சதவீதமானோருக்கு உளநலப் பிரச்சினை ஒன்று காணப்பட்டது. ஏனைய பிள்ளைகளில் இது 8 சதவீதம் மாத்திரமே. இவ்வேறுபாட்டின் கணிசமான பங்குக்குக் குறைபாடு காரணமன்று. அப்பிள்ளைகளின் குடும்பங்களைச் சூழ்ந்திருந்த வறுமையும் பின்தங்கிய சமூகநிலையுமே காரணம் என்பதையும் அவ்வாய்வு சுட்டிக்காட்டியது. தோட்டப்புறத்தை அறிந்தோர் இக்கூற்றினை ஆழ்ந்து நோக்க வேண்டும்.

இருந்தும் இப்பிள்ளைகளின் துயரம் பெரும்பாலும் கண்ணிற் படுவதில்லை. காரணம் எளிது. பிள்ளை அழுதாலும், அடித்தாலும், உண்ண மறுத்தாலும் அனைத்தும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. குறைபாட்டின் நிழல் விழுந்து ஏனைய நோய்க்குறிகள் மறைந்துபோகும் இந்நிலையை ஸ்டீவன் றைஸ் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவரது சகாக்களும் 1982ஆம் ஆண்டிலேயே பெயரிட்டு விளக்கினர். "அவன் அப்படித்தான்" என்னும் நம்மூர்ச் சொல் அந்நிழலின் தமிழ் வடிவமேயாகும்.

வினாக்கொத்து தடுமாறும் இடம்

நெருக்கீட்டை அளப்பதற்கு உலகெங்கும் அதிகமாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, ஷெல்டன் கோஹனும் சகாக்களும் 1983இல் வெளியிட்ட உணரப்படும் நெருக்கீட்டு அளவுகோலாகும். கடந்த ஒரு மாதத்தில் இன்ன உணர்வு எத்தனை தடவை ஏற்பட்டது என அது வினவுகின்றது. ஒருபோதும் இல்லை என்பது முதல் மிக அடிக்கடி என்பது வரை ஐந்து விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

வளர்ந்த ஒருவருக்கு இஃது ஐந்து நிமிட வேலை. நமது மாணவனிடமோ இது மூன்று கடினமான திறன்களை ஒருங்கே கோருகின்றது. முதலாவது, ஒரு மாத காலத்தை மனத்தில் அளந்து நிறுத்துதல். இரண்டாவது, 'சில வேளை' 'அடிக்கடி' ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை உணர்தல். மூன்றாவது, தன் உள்ளத்தைத் தானே நோக்கி, அங்குள்ளதற்குப் பெயரிடுதல். இம்மூன்றும் அவனுக்குக் கைவராதவை என்பதாலேயே அவன் விசேட தேவையுடையவன் எனப்படுகின்றான். எனவே அவன் பெறும் புள்ளி நெருக்கீட்டை அளப்பதில்லை. வினாவை விளங்கிக்கொள்ளும் ஆற்றலையே அளக்கின்றது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுள்ளது. அமெரிக்காவில் கரோல் சிகல்மனும் குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுத்திறன் குறைபாடுடையோர் வினா விளங்காதபோது 'ஆம்' என விடையளிக்க முற்படுவதை எடுத்துக்காட்டினர். "நீ மகிழ்ச்சியாக இருக்கின்றாயா?" என்றாலும் ஆம், "நீ கவலையாக இருக்கின்றாயா?" என்றாலும் ஆம். கேட்பவரைத் திருப்திப்படுத்த வேண்டும் என்னும் பணிவே இதற்குக் காரணம். கடிதாசியும் பேனையும் கொண்டு எதிரே அமர்பவர் எவராயினும் அவருக்கு "ஆமாங்க" என்று விடையளிப்பதே மரியாதை எனப் பல தலைமுறைகளாகப் பழக்கப்பட்ட ஒரு சமூகத்தில் இவ்விடர் மேலும் பெரிதாகும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆயினும் இப்பிள்ளைகளிடம் கேட்பதே வீண் என்று முடிவுகட்டுதல் தவறாகும். கேட்கும் முறையை மாற்ற வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் கண்ட பாடம். அவுஸ்திரேலியாவில் போல் பிராம்ஸ்டனும் சகாக்களும் 1990களில் உருவாக்கிய வாழ்க்கை நெருக்கீட்டுப் பட்டியல், இன்ன நிகழ்வு உனக்கு நேர்ந்ததா என முதலில் கேட்கின்றது. நேர்ந்திருந்தால் மாத்திரமே அஃது எவ்வளவு வருத்தியது என்பதைக் கேட்கின்றது. 2003இல் வெளியான கிளாஸ்கோ பதற்ற அளவுகோல் எளிய சொற்களாலான 27 வினாக்களைக் கொண்டது. அதனை உருவாக்குகையில் குறைபாடுடையோரையே அழைத்து அவர்களது அச்சங்களைக் கேட்டறிந்தனர். படங்களைக் காட்டுதல், ஒரே விடயத்தை நேராகவும் எதிராகவும் கேட்டு விடைகளை ஒப்பிடுதல், விடைகளை மூன்றாகக் குறைத்தல் முதலிய உத்திகளும் கையாளப்படுகின்றன.

இவற்றை நமது மண்ணுக்குக் கொணர்கையில் வெறும் மொழிபெயர்ப்புப் போதாது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஆக்கப்பட்ட தமிழ் வினாக்கொத்து பலாங்கொடையிலும் தெரணியகலையிலும் உள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு அந்நிய மொழியாகவே ஒலிக்கக்கூடும். 'பதற்றம்' என்பதைவிட 'நெஞ்சு படபடக்குது' என்பது விளங்கும். 'கடந்த மாதம்' என்பதைவிட 'போன சம்பளத்துக்குப் பிறகு' என்பதோ 'தீபாவளிக்குப் பிறகு' என்பதோ தெளிவாகும்.

உமிழ்நீரும் தலைமயிரும் கூறுவன

பிள்ளையைக் கேட்காமலே உடலைக் கேட்கலாகாதா என்னும் வினா இயல்பாகவே எழும். கோட்டிசோலை உமிழ்நீரில் அளக்கலாம், ஊசி தேவையில்லை. ஆனால் இவ்வோமோன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. துயிலெழுந்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துள் உச்சத்தை அடைந்து, பின்னர் படிப்படியாகத் தாழ்ந்து நள்ளிரவையொட்டி மிகக் குறைகின்றது. பெரட்டுக்குச் செல்லும் தாயுடன் அதிகாலை நான்கரை மணிக்கே எழுந்துவிட்ட பிள்ளையையும் ஆறரை மணிக்கு எழுந்த பிள்ளையையும் காலை எட்டு மணிக்கு ஒன்றாக அளந்து ஒப்பிட்டால் பெறப்படும் வேறுபாடு நெருக்கீட்டைக் காட்டாது. துயிலெழுந்த நேரத்தையே காட்டும். மேலும், அறிமுகமற்ற ஒருவர் வாயினுள் பஞ்சுத்துண்டை வைத்துச் சுவைக்கச் சொல்வதே சில பிள்ளைகளைக் கலங்கச் செய்துவிடும்.

தலைமயிரிலும் கோட்டிசோல் படிகின்றது. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், உச்சந்தலையின் பிற்பகுதியில் தோலையொட்டி வெட்டப்படும் மூன்று சென்ரிமீற்றர் மயிர் கடந்த மூன்று மாதங்களின் பதிவேடாகின்றது. கணத்துக்குக் கணம் மாறும் அளவுகளைவிட இது நீண்டகாலச் சுமையைக் காட்டவல்லது. ஆயினும் நேர்த்திக்கடனுக்காக மொட்டையடித்த பிள்ளையிடம் இப்பதிவேடு இராது. இதயத்துடிப்பின் இடைவெளி மாற்றங்களையும் தோலின் வியர்வையையும் மணிக்கட்டுப் பட்டிகளால் அளக்கலாம். ஆனால் டவுன் கூட்டறிகுறியுடைய பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பிறவியிலேயே இதயக் கோளாறு உடையவர்கள் என்பதால் அவர்களது துடிப்பைப் பொது அளவுகோலால் நிறுப்பது பொருந்தாது. இரத்தினபுரியின் வெப்பத்திலும் ஈரலிப்பிலும் அச்சமின்றியே உள்ளங்கை வியர்க்கும்.

இக்கருவிகள் பயனற்றவை என்பது நமது கருத்தன்று. தகுந்த ஆய்வுகூடமும் பயிற்சி பெற்றோரும் உள்ள இடத்தில் அவை பெரும் பயன் தருவன. எனினும் அவற்றுக்குப் பொதுவான வரம்பொன்று உண்டு. உடல் விழிப்படைந்துள்ளது என்பதை அவை கூறும். எதனால் என்பதைக் கூறமாட்டா. அச்சத்தால் எழுந்த துடிப்பும் திருவிழா மகிழ்ச்சியால் எழுந்த துடிப்பும் கருவிக்கு ஏறத்தாழ ஒன்றே.

அவரவர் இயல்பே அளவுகோல்

எஞ்சியிருப்பது, பிள்ளையை நன்கறிந்தவரைக் கேட்பதாகும். 1985இல் அமனும் சிங்கும் வெளியிட்ட, 58 கூறுகளைக் கொண்ட நடத்தைப் பட்டியல் இத்துறையில் இன்றளவும் பயன்படுகின்றது. எரிச்சல், ஒதுங்கியிருத்தல், ஓயாத அசைவு முதலியவற்றுக்குப் பெற்றோரோ ஆசிரியரோ புள்ளியிடுவர். இம்முறையிலும் குறையுண்டு. தாய் வீட்டில் காண்பதும் ஆசிரியர் வகுப்பில் காண்பதும் ஒன்றாக இருப்பதில்லை. தானே நெருக்கீட்டில் வாடும் தாய், பிள்ளையின் நடத்தையை உள்ளதைவிடக் கடுமையாக மதிப்பிடவும் கூடும்.

இங்குதான் இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் கிளாட் ரெக்னாட் என்னும் மருத்துவரும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட கருவியொன்று புதிய வழியைக் காட்டுகின்றது. பேசவியலாத, கடுமையான குறைபாடுடையோரின் துயரத்தை அறிவதற்காக ஆக்கப்பட்ட இதன் அடிப்படைக் கருத்து மிக எளியது. எல்லோருக்கும் பொதுவான துயர அடையாளம் என ஒன்றில்லை. ஒருவர் துயருறும்போது அலறுவார்; மற்றொருவர் வழமைக்கு மாறாக அமைதியாகிவிடுவார். ஆகவே அவர் நிம்மதியாக இருக்கும்போது முகம், குரல், உடல் நிலை, கண், தூக்கம், உணவு ஆகியன எவ்வாறுள்ளன என்பதை முதலிற் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் அதிலிருந்து ஏற்படும் விலகலே அளவு. பிறருடன் ஒப்பிடாது, நேற்றைய அவனுடன் இன்றைய அவனை ஒப்பிடுவதே இம்முறை.

இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். அதனை நிரப்பக்கூடியவர்கள் கொழும்பிலிருந்து வர வேண்டியதில்லை. வகுப்பாசிரியரும், தாயும், பாட்டியும், பிள்ளைக் காம்பராவில் அவனை வளர்த்தெடுத்தவரும் அங்கேயே இருக்கின்றனர்.

தோட்டத்தின் சுமை

அளப்பது எதனை என்பதற்கு விடைகாண, இப்பிள்ளைகளின் சூழலை நோக்க வேண்டியுள்ளது. நுவரெலியாவைப் போலன்றி, சப்ரகமுவையில் தோட்டத் தமிழர் சிறுபான்மையினராய், பரந்த மாகாணமெங்கும் சிதறி வாழ்கின்றனர். இறக்குவானையிலும் காவத்தையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெஹியோவிட்டவிலும் தோட்டங்கள் ஒன்றிலிருந்தொன்று தொலைவில் உள்ளன. இத்தகைய சிதறலில் தமிழ்மொழி மூலமான விசேட கல்வி அலகொன்றை நடத்துவதற்குரிய மாணவர் தொகையை ஓரிடத்திற் சேர்ப்பது எளிதன்று. வைத்தியசாலையில் நிபுணர் சிங்களத்தில் வினவ, தாய் பாதி விளங்கித் தலையசைக்க, பிள்ளையின் வரலாறு வழியிலேயே தேய்ந்துவிடுகின்றது.

பழைய லயன் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்கையில், ஓசையைத் தாங்கவியலாத பிள்ளை ஒதுங்குவதற்கு மூலையொன்றும் இல்லை. விடியுமுன் தாய் கொழுந்து பறிக்கவோ பால் வெட்டவோ சென்றுவிடுகின்றாள். தாயோ தந்தையோ கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ சென்றுவிட்ட வீடுகளும் பல. நாளின் ஒழுங்கைக் கொண்டே உலகை அறியும் பிள்ளைக்கு இத்தகைய பிரிவு விளக்கமற்ற இழப்பாகும். அண்டை அயலின் பரிகாசம் இவற்றுடன் சேர்கின்றது.

இயற்கையும் இரங்கவில்லை. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியைத் தாக்கின. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுள் புதையுண்டது. 2025 நவம்பரில் வீசிய 'டித்வா' புயல் மலைநாடெங்கும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. இரவோடிரவாக எழுப்பப்பட்டு, அறியாத கட்டடத்தில், அறியாத மனிதரிடையே நாட்களைக் கழிப்பது வளர்ந்தோருக்கே கொடுமை. ஏன் இடம்பெயர்ந்தோம் என்பதை விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளைக்கு அதன் பின்னர் கூரையில் விழும் ஒவ்வொரு மழையும் அச்சமாகலாம்.

கொப்பியில் எழுதப்பட வேண்டியவை

ஆசிரியர் ஒருவர் இதனை எவ்வாறு தொடங்கலாம்? முதல் இரு வாரங்கள் எதனையும் மாற்ற முனையாது, பிள்ளை நிம்மதியாக உள்ள வேளைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். எப்போது சிரிக்கின்றான், எங்கு அமர விரும்புகின்றான், எவ்வளவு உண்கின்றான், எத்தகைய ஒலிகளை எழுப்புகின்றான் என்பனவே அக்குறிப்புகள். பின்னர், குழப்பம் நேரும் ஒவ்வொரு தடவையும் மூன்று நிரல்களை நிரப்ப வேண்டும். அதற்குச் சற்று முன்னர் நிகழ்ந்தது என்ன? அவன் செய்தது என்ன? அதன் பின்னர் நிகழ்ந்தது என்ன? நாள், நேரம், முந்திய இரவின் தூக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த முடிவுக்கும் வருமுன் உடல்நோவை விலக்கிக்கொள்ளுதல் இன்றியமையாதது. சொத்தைப்பல், காதில் சீழ், மலச்சிக்கல், தைரொயிட் குறைபாடு, மருந்தின் பக்கவிளைவு ஆகிய எவையும் கடிக்கும் பிள்ளையை உருவாக்கலாம். அறிவுத்திறன் குறைபாடுடையோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வலிப்பு இருப்பதால் அதனையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

பிள்ளையிடமும் கேட்க வேண்டும். சிரித்த முகம், சாதாரண முகம், அழும் முகம் என மூன்று படங்களை வரைந்துகொள்ளலாம். டொபி கிடைத்தால் எந்த முகம், விழுந்து முழங்கால் அடிபட்டால் எந்த முகம் என முதலிற் கேட்டு, படங்களை அவன் விளங்கிக்கொண்டானா என்பதை உறுதிசெய்த பின்னரே வகுப்பறை, பஸ், வீடு, விளையாட்டு மைதானம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்க வேண்டும். படங்களின் வரிசையை மாற்றி மற்றொரு நாளும் கேட்டால், அவன் எப்போதும் கடைசிப் படத்தையே தொடுகின்றானா என்பது தெரிந்துவிடும்.

தொடக்கத்திற் கண்ட மாணவனுக்கு வருவோம். அவனது கொப்பியை ஒரு மாதத்தின் பின்னர் புரட்டுகையில், குழப்பங்கள் எல்லா நாட்களிலும் நிகழவில்லை. ஒலிபெருக்கி பயன்படுத்தப்படும் நாட்களிலும், கடும் மழை பெய்த இரவுக்கு மறுநாளிலுமே நிகழ்ந்துள்ளன என்பது தெரியவரலாம். மணிக்கு முன்னரே அவனை வெளியே அழைத்துச் சென்று ஒரு சிறு வேலையைக் கொடுப்பதும், மழை நாட்களில் அவனைக் கூரைத் தகரத்தின் ஓசை குறைந்த அறையில் அமர்த்துவதும் செலவற்ற மாற்றங்கள். மாற்றத்தின் பின்னர் அதே மூன்று நிரல்களைத் தொடர்ந்து நிரப்பினால் பலனும் தெரிந்துவிடும். அளத்தலின் நோக்கம் இதுவே. புள்ளியிட்டுப் பிள்ளையை ஒதுக்குவதற்காகவோ, அவனை அனுப்பிவிடுவதற்குச் சான்று தேடுவதற்காகவோ அக்கொப்பி பயன்படலாகாது. அது பெற்றோர் அறிய, அவர்களது இசைவுடன் பேணப்பட வேண்டிய அந்தரங்கப் பதிவாகும்.

உரிமையும் கடமையும்

இது கருணையின் பாற்பட்ட விடயம் மாத்திரமன்று. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கின்றது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007இல் கைச்சாத்திட்ட நம்நாடு 2016 பெப்ரவரியில் அதனை உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 24ஆவது உறுப்புரை, ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து கல்வியளிக்க அரசைக் கடமைப்படுத்துகின்றது. கட்டாயக் கல்விக்கான வயதெல்லையும் 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. மூலையிற் குந்தியிருந்த அம்மாணவன் பாடசாலையிலிருந்து நழுவிச் செல்வது இம்மூன்று ஏற்பாடுகளுக்கும் முரணாகும்.

மாகாணத்தில் வளங்கள் இல்லாமலும் இல்லை. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் உள்ளது. இரத்தினபுரியில் அதன் மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் உள்ளன. தோட்டத் தமிழின் வழக்குச் சொற்களைக் கொண்டு எளிய அளவுகோலொன்றை ஆக்கி, அதனைப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் சோதித்துத் திருத்தும் பணி ஒரு பல்கலைக்கழகத்துக்கு எட்டாத காரியமன்று. தமிழ்மொழி மூல ஆசிரியர் பயிற்சியில் இவ்வவதானிப்பு முறைக்குச் சில மணி நேரங்களை ஒதுக்குவதும், வைத்தியசாலைச் சிகிச்சை நிலையங்களில் தமிழ் தெரிந்த ஒருவரை அமர்த்துவதும் மாகாண நிர்வாகத்தின் பொறுப்பாகும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும், மாதத்தில் ஒரு நாள் தாயொருத்தி பாடசாலைக்கு வந்து ஆசிரியருடன் அக்கொப்பியைப் பார்ப்பதற்கு, நாட்சம்பளத்தை இழக்காத வகையில் வழிசெய்தல் வேண்டும்.

பறித்த கொழுந்தை நிறுக்கத் தவறியதில்லை நமது தோட்டங்கள். வெட்டிய பாலும் நாள்தோறும் அளக்கப்பட்டே வந்துள்ளது. அங்கு வாழும் பிள்ளையொருவன் சுமக்கும் நெருக்கீட்டை அளப்பதற்கு ஒரு கொப்பியும் பொறுமையும் மாத்திரமே கோரப்படுகின்றன. "அவன் அப்படித்தான்" என்று கூறுமுன், அவன் எப்போது அப்படி, எப்போது அப்படியல்ல என்று எழுதிப் பார்ப்போமாக.